ஏழு நாள் திறக்காத பக்கம்

ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறவளுக்குச் சம்பளம் தருவதா, ஒரே முறை செய்து எல்லா இடத்திலும் ஓட வைக்கிறவனுக்குத் தருவதா என்று மேலாளர் அவ்வளவு அப்பட்டமாகக் கேட்டுவிடவில்லை. அவர் நாகரிகமான மனிதர். கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் இரு கட்டங்கள் வரைந்து, ஒன்றினுள் கைபேசி என்றும் மற்றதனுள் இணையம் என்றும் எழுதினார். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டில் ஒன்று போதும் என்று மேலிடம் கருதுவதாகச் சொன்னார். பிறகு யாருடைய முகத்தையும் பாராமல், பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அந்த அறையில் கைபேசி என்ற கட்டம் அவள் ஒருத்திதான். இணையம் என்ற கட்டம் அவளுடைய கொழுந்தன்.

வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்கான செயலியை அந்த நிறுவனம் நடத்திவந்தது. புண்ணின் அளவு, கொடுத்த மருந்து, காய்ச்சலின் ஏற்ற இறக்கம், எல்லாவற்றையும் செவிலியர் தம் கைபேசியில் பதிவார்கள். அது தலைமையகத்துக்குப் போய்ச் சேரும். உலகில் கைபேசிகள் இரு குலமாகப் பிரிந்து கிடப்பதால் அவள் அந்தச் செயலியை ஒவ்வொரு குலத்துக்கும் அதனதன் மொழியில் தனித்தனியே எழுதிவந்தாள். ஒரு பொத்தானை இடம் மாற்றச் சொன்னால் இரண்டு இடத்தில் மாற்றுவாள். ஒரு பிழையைத் திருத்தச் சொன்னால் இரண்டு முறை திருத்துவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘டபுள்’ என்று பெயர். அதில் கேலி பாதி, மரியாதை பாதி. அண்மைக்காலமாக மரியாதையின் பங்கு குறைந்துவந்ததை அவள் அறிவாள்.

கொழுந்தனை வீட்டில் எல்லோரும் ‘சின்னவன்’ என்பார்கள். அவன் எழுதுவது இணையப் பக்கம். எந்தக் கைபேசியானாலும் உலாவியைத் திறந்தால் அது வந்து நிற்கும். காலையில் திருத்தினால் நண்பகலில் எல்லோர் கையிலும் புதியது இருக்கும். அவள் திருத்தியதோ செயலிக் கடைக்குப் போய், கடைக்காரர் சோதித்து, ஒப்புதல் தந்து, செவிலியர் ஒவ்வொருவரும் புதுப்பித்து முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். மேலிடம் கணக்குப் போட இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவனை இந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் வேலையிழந்து, தாடி வளர்த்து, மாடியறையில் முடங்கிக் கிடந்தபோது மேலாளரிடம் அவனுக்காக வாய்விட்டுக் கேட்டாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய உதவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலிருப்பதற்கு எல்லோரும் பாடுபட்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவன், தம்பிக்கும் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்து, நம் வீட்டுக்குள்ளேயே தேர்தல் வந்துவிட்டது, நான் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று ஒருநாள் சிரிக்க வைக்கப் பார்த்தான். சின்னவனின் மனைவிக்கு அது ஏழாம் மாதம். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

உணவு இடைவேளைகளில் அவள் வேலை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். கைபேசிக்கென்றே எழுதுகிறவர்கள் தேவை என்று கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. வங்கிகள் கேட்டன, விளையாட்டு நிறுவனங்கள் கேட்டன, சம்பளமும் தாராளம். ஆனால் அத்தகைய விளம்பரம் ஒன்று கண்ணில் படுவதற்குள் இணையத்துக்கு ஆள் கேட்கும் விளம்பரங்கள் மழைக்கால ஈசல்போல் மொய்த்துக் கிடந்தன. ஒரு நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்தது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது. இவள் எழுதியவற்றை எல்லாம் பாராட்டிவிட்டு, இணையமும் தெரியும்தானே என்று கேட்டாள். கற்றுக்கொள்வேன் என்றாள் இவள். அந்தப் பெண் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையிலேயே விடை இருந்தது.

ஆகவே அவளுக்கு ஒரே நம்பிக்கை நிலவறைதான்.

நகரில் பல நோயாளிகள் பழைய கட்டடங்களின் நிலவறைகளில் குடியிருந்தார்கள். அங்கே சிக்னல் எட்டாது. இணையப் பக்கம் அங்கே கண்ணை மூடிக்கொள்ளும், தன் செயலியோ எழுதியதைத் தன்னிடமே பத்திரமாக வைத்திருந்து, மேலே வந்ததும் தானாகவே அனுப்பிவிடும் என்பது அவள் எண்ணம். சின்னவனின் பக்கத்தைச் செவிலியர் சிலரிடம் சோதனைக்குக் கொடுத்த மறுநாள், அவர்களில் மூத்தவருடன் தானும் புறப்பட்டாள். ஈரம் ஊறிய படிக்கட்டில் இறங்கி, குழாய்கள் முனகும் நடைவழியைக் கடந்து, விளக்கு எப்போதும் எரியும் ஓர் அறைக்குப் போனார்கள். கட்டிலில் காலில் ஆறாத புண்ணோடு ஒரு முதியவர் இருந்தார். செவிலி கட்டுப் பிரித்தாள், கழுவினாள், மருந்திட்டாள், பதிவு செய்தாள். சிக்னல் இல்லை. ஆயினும் பக்கம் வாங்கிக்கொண்டது. மேலே தெருவுக்கு வந்து, அவள் சொன்னபடி செவிலி மறுபடி திறந்ததும் பதிவு போய்ச் சேர்ந்தது.

சின்னவன் அதையும் யோசித்துச் செய்திருந்தான். நன்றாகவே செய்திருந்தான்.

“உங்க கொழுந்தன் கெட்டிக்காரர்தான்” என்றாள் செவிலி, குடையை விரித்தபடி.

“எங்க வீட்டுல எல்லாருமே கெட்டிக்காரங்கதான், அதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கி நடந்தாள்.

மேலிடத்தின் முன்னிலையில் இருவரும் தம் வேலையைக் காட்ட வேண்டிய வியாழக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தபோது அது நடந்தது. அன்று திங்கள். அவள் மேசை இழுப்பறையில் சோதனைக்கென்று பழைய கைபேசிகள் கிடந்தன. திரை கீறியவை, மின்கலம் உப்பியவை. வேறெதற்கோ அவற்றுள் ஒன்றை எடுத்து மின்னூட்டினாள். சின்னவனின் பக்கம் வந்த புதிதில், அனுப்பாமலே நான்கைந்து பதிவுகளை அதில் வைத்துப் பார்த்திருந்தாள். இப்போது பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமில்லை. துடைத்த பலகை.

முதலில் தன் கைப்பிசகு என்றே நினைத்தாள். பிறகு உட்கார்ந்து, ஏன் என்று தேடிப் படித்தாள். இரு குலங்களுள் ஒன்றில், ஓர் இணையப் பக்கத்தை ஏழு நாள் தொடாமல் விட்டால், அது சேமித்து வைத்ததையெல்லாம் உலாவியே குப்பையென்று கருதிப் பெருக்கித் தள்ளிவிடும். யாரையும் கேட்காது, யாருக்கும் சொல்லாது. சின்னவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தான் கட்டியதை நாள்தோறும் திறந்து திறந்து பார்க்கிறவன் அவன். திறக்காத பக்கத்துக்கு என்ன நேரும் என்பதை, அதன்மேல் அத்தனை ஆசை வைத்தவனால் ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

அவள் கைபேசியை மீண்டும் இழுப்பறையில் வைத்தாள். அப்போது நெஞ்சுக்குள் எழுந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆனால் வேறு பெயரும் அதற்கு இல்லை.

இதை வியாழக்கிழமை சொன்னால் போதும். மேலிடத்தார் வரிசையாக உட்கார்ந்திருக்கையில், இந்தக் கைபேசியைத் திறந்து காட்டிவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்றால் போதும். இன்றே சொன்னால் அவன் திருத்திவிடுவான். திருத்திவிட்டால் அவளுக்கு இங்கே இடமில்லை, வெளியேயும் இல்லை. இந்த எண்ணத்தை அவள் அன்று மாலைக்குள் பலமுறை புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் அது ஒரே மாதிரி அழுக்காக இருந்தது. ஆயினும் கீழே போடவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சின்னவன் திடீரென்று கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். விளையாட்டுப் பேச்சு இல்லாமல் அவன் வாய் திறப்பது அரிது.

“அண்ணி, அந்தப் பக்கத்துல ஏதாவது குறை பட்டுச்சுன்னா சொல்லிடுங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது. நமக்குள்ள என்ன இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றாள் அவள்.

கணவன் நீர்க்குவளையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தாகத்தோடு இருப்பதாக அவன் எண்ணியிருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் அந்த மூத்த செவிலி தொலைபேசியில் அழைத்தாள். மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் வெளியூர் வந்திருந்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று முதலில் சொன்னாள். பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டாள். விடுப்புக்குக் கிளம்பிய அன்று நிலவறை முதியவருக்குப் புதிதாக ஓர் ஊசி போட்டிருந்தார்கள். அது ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்துவிட்டது. பக்கத்திலேயே இருந்து மாற்று மருந்து கொடுத்துச் சரிசெய்து, இனி அந்த ஊசி கூடாது என்று அங்கேயே பதிந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நாளைக் காலை வேறொருத்தி அங்கே போகிறாள். தான் எழுதியது வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

அவள் தலைமையகப் பதிவுகளைப் புரட்டினாள். அந்த நாளின் பதிவு அங்கே இல்லை.

மேலே வந்து பக்கத்தை மறுபடி திறந்தீர்களா என்று கேட்டாள். எதற்குத் திறக்க வேண்டும் என்று செவிலி திருப்பிக் கேட்டாள். பதிந்து, பையில் போட்டால் அதுவே போய்விடுமே, இத்தனை ஆண்டாக அப்படித்தானே? அன்று கூட வந்தபோது மட்டும் நீங்கள் சொன்னதால் திறந்தேன் என்றாள். அது இவளுடைய செயலி பழக்கிய பழக்கம். அலுவலகக் கைபேசி எங்கே என்றதற்கு, செவிலியர் அறையின் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வந்ததாகவும், நாளை வந்தால் ஒன்பது நாள் ஆகிறதென்றும் பதில் வந்தது.

அவள் ஊசியின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, செவிலியரை அனுப்பும் பிரிவுக்கு ஓடினாள். நாளை போகவிருந்தவளை நேரில் கண்டு, ஒருமுறைக்கு இருமுறை சொல்லி, அவள் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே திரும்பினாள். அந்த முதியவருக்கு ஒன்றும் நேரவில்லை. நேராமற் போனதற்குக் காரணம், பேத்தி பிறந்த களிப்பிலும் தொலைவிலிருந்து ஒருத்தி அவரை நினைத்துக்கொண்டது. அதை அருள் என்று சொல்லலாம். தன் செயல் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியாது. சோதனையில் இருந்த மற்றச் செவிலியருள் யார் யார் விடுப்பில் போனார்கள், யார் யார் பெட்டியில் எது எது அழிந்து கிடக்கிறது என்பதை அந்த அருளும் வந்து சொல்லப்போவதில்லை.

சின்னவனை அவசரப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே கூரையின்கீழ் மழைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. எதற்கு இந்த இரகசியக் கூட்டம், சரணடைகிறீர்களா என்று அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவள் இழுப்பறையிலிருந்த அந்தப் பழைய கைபேசியை அவனிடம் கொடுத்தாள்.

“உன் பக்கத்தை ஏழு நாள் திறக்காம விட்டா, போனே எல்லாத்தையும் துடைச்சிடுது தம்பி.”

“சும்மா பயமுறுத்தாதீங்க. என் போன்ல ரெண்டு மாசமா அப்படியே இருக்கு.”

“இருக்கும். நீ தினமும் திறக்கிறவன்.”

அவன் திரையைப் பார்த்தான். விரல் இரண்டு மூன்று இடங்களைத் தொட்டது. முகத்திலிருந்து சிரிப்பு வடிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அவள் செவிலியின் கதையைச் சொன்னாள். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

“இதை எப்ப பார்த்தீங்க?”

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்தச் சொல் நாக்கின் நுனியில் தயாராகவே இருந்தது.

“போன வாரம், திங்கக்கிழமை.”

மழை கொஞ்சம் வலுத்தது.

“நான் உங்களைக் கேட்டது புதன்கிழமை.”

“ஆமா.”

“நாளன்னைக்கு மீட்டிங்ல எடுத்துக் காட்டலாம்னு இருந்தீங்க.”

அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் ஆமென்று தலையசைத்தாள். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைபேசியின் கீறலை நகத்தால் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“உங்க இடத்துல இருந்தா நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லணும்னு தோணுது அண்ணி. வாய்ல வரல.”

அன்று மாலைக்குள் அவன் சோதனையை நிறுத்தி, செவிலியர் ஒவ்வொருவருக்கும் தானே தொலைபேசி செய்தான். மேலாளரிடம் போய், பக்கத்தில் பெரும்பிழை இருந்தது, கண்டுபிடித்தது அண்ணி என்றான். எப்போது கண்டுபிடித்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மேலாளர் நிம்மதியடைந்தார், அதோடு மகிழ்ந்தும் போனார். மகிழ்ச்சிக்குக் காரணம் வியாழக்கிழமை தெரிந்தது. மேலிடத்தார் பிழையைக் கேட்டு, வழி என்ன என்றார்கள். வழி எளிது. வெளியே கைபேசிச் செயலிபோல் ஒரு கூடு. உள்ளே சின்னவனின் இணையப் பக்கம். பதிவுகளை உலாவியிடம் ஒப்படைக்காமல் கூடே தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளும், தானாகவே அனுப்பும். பக்கத்தில் இருந்த ஒரே ஓட்டை அடைபடும். அந்தக் கூட்டை எழுதத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். அவள் உண்மையைச் சொன்னாள்: அதிகம் ஆகாது. எழுதிய பின் அதில் வேலை இருக்குமா என்று கேட்டார்கள். அதற்கும் உண்மையைச் சொன்னாள்.

கூட்டை எழுதும்போது அவள் எங்கும் அவசரப்படவில்லை, எங்கும் இழுத்தடிக்கவுமில்லை. இரு குலங்களுக்கும் தனித்தனியே எழுதினாள். ஒவ்வொன்றும் ஒரு பிடிக்குள் அடங்கியது. ஆண்டுக்கணக்கில் அவள் எழுதிச் சேர்த்த செயலியின் இடத்தில், அதே பெயரில், அதே படத்தோடு, ஒரு விடிகாலையில் செவிலியரின் கைபேசிகளில் கூடு போய் அமர்ந்தது. விடுப்பு முடிந்து வந்த மூத்த செவிலி அதைத் திறந்து பார்த்துவிட்டு, பழசுதானே இது, எனக்கு ஒன்றும் மாறினதாகத் தெரியவில்லையே என்று பேத்தியின் புகைப்படத்தைக் காட்டப் போய்விட்டாள்.

மேலாளர் அவளைத் தனியே அழைத்தார். கைபேசிப் பிரிவு இனி இல்லை என்றார். ஆனால் இணையப் பிரிவில் ஓர் இடம் உண்டு, தொடக்கநிலை இடம், சின்னவன்தான் அதற்குப் பொறுப்பு. அவனே அவளுக்காகக் கேட்டான் என்றும், ஒருவரும் வற்புறுத்தவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் வீட்டில் சொன்னபோது, வேண்டாமென்றால் விட்டுவிடு என்றான் கணவன். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுதும் விளம்பரங்களைப் பார்த்தாள். இரண்டுக்கு எழுதினாள். ஒன்றிலிருந்து பதில் வந்தது, நன்றி தெரிவித்து.

திங்கட்கிழமை இணையப் பிரிவின் மேசையில் போய் உட்கார்ந்தாள்.

சின்னவன் நல்ல பொறுப்பாளன். அவளுக்குத் தெரியாதவற்றைக் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொடுத்தான். தெரிந்தவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தான். வீட்டில் அண்ணி என்றான். ஓரகத்திக்குக் குழந்தை பிறந்தபோது முதலில் அவள் கையில்தான் கொடுத்தான். அலுவலகத்தில் எந்த உறவும் சொல்லி அழைப்பதில்லை. அவள் முகம் பார்த்துவிட்டு நேராகப் பேச்சைத் தொடங்கிவிடுவான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதியதையும் பொறுப்பாளன் படித்து ஒப்புதல் தந்த பிறகே சேர்ப்பார்கள். மற்றவர்கள் எழுதியதை அவன் ஒரு பார்வை பார்ப்பான், ஒரு கேலி செய்வான், தள்ளிவிடுவான். அவள் முதன்முதலாக எழுதியது சிறிய வேலை. தேதி காட்டும் கட்டம் சில திரைகளில் நெருக்கியடித்துத் தெரிந்தது, அதை விரித்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு வரி. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தான். முடித்ததும் மறுபடி மேலே போனான். அவள் மாற்றாத பகுதிகளையும் திறந்தான். அவள் திறமையில் அவனுக்கு ஐயமில்லை என்பது அவளுக்குத் தெரியும். எதைத் தேடுகிறான் என்பதும் தெரியும்.

“எல்லாம் சரியா இருக்கு” என்றான். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “இது தவிர வேற ஏதாவது கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல தம்பி.”

அவன் தலையசைத்தான். ஒப்புதல் தரவில்லை. இன்னொரு முறை முதல் வரிக்குப் போனான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவன் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.